சர்க்கரை சொன்ன சாட்சி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே, புளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஒட்டிப் பிராங்க்ளின் கவுண்டி என்றொரு வட்டாரம் உண்டு. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. கள்ளச் சாராயத்தால் பெயர் பெற்ற இடம் அது.

அம்மலைவாசிகள் பிறவியிலேயே சட்டத்தை மதியாதவர்களா? நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தேன், அது பிழை. விளைந்த மக்காச்சோளத்தை மூட்டையாகக் கரடுமுரடான பாதையில் சந்தைக்கு இறக்கினால் கூலிக்கும் கட்டாது. அதையே ஊறவைத்துக் காய்ச்சி வடித்தால் சுமை குறையும், விலை ஏறும். முன்னோர் செய்த தொழில் இதுவே.

1791-இல் மத்திய அரசு சாராயத்திற்கு வரி விதித்தது. மேற்குப் பென்சில்வேனியக் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். 1794-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் தாமே படையுடன் புறப்பட்டார். 1802-இல் நீங்கிய அவ்வரி, உள்நாட்டுப் போரின்போது 1862-இல் மீண்டும் வந்தது. அதன்பின், வரி கட்டாது காய்ச்சியவன் குற்றவாளியானான். அடுப்பு அதே அடுப்புதான்!

வர்ஜீனியாவில் 1916-இலும், நாடெங்கும் 1920-இலும் மதுவிலக்கு வந்தது. விலை உயர்ந்தது, வீட்டுத் தொழில் பெருவாணிகமாயிற்று. சோளத்தின் இடத்தைப் பெரிதும் சர்க்கரை பிடித்தது. 1931-இல் வெளியான மத்திய ஆணைக்குழு அறிக்கையொன்று, இவ்வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் இத்தொழிலில் தொடர்புடையவர் என்றது. எண்ணிப் பார்த்தவர் யாரோ! எஞ்சிய அந்த ஒருவரைத்தான் நான் சந்திக்க விரும்புவேன்.

1935-இல் ரோனோக் நகரில் 34 பேர்மீது சதி வழக்கு நடந்தது. காய்ச்சுவோரிடம் கப்பம் வாங்கிக்கொண்டு அதிகாரிகளே அவர்களைக் காத்தனர் என்பது குற்றச்சாட்டு. அங்கே பேசிய சாட்சிகளுள் வலியது சர்க்கரைக் கணக்கு. சில ஆண்டுகளுக்குள் அவ்வட்டாரத்தில் விற்பனையானது 3 கோடியே 30 லட்சம் ராத்தலுக்கு மேல். மக்கள்தொகையோ சுமார் 24,000. வகுத்துப் பாருங்கள்: குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 1,300 ராத்தலுக்கு மேல்! இத்தனை சர்க்கரை பகலிலே, ரயிலிலும் லாரியிலும் வந்து இறங்கியபோது, காவலர் கண்ணில் மட்டும் படவில்லையாம்.

இருபதின்மர் தண்டனை பெற்றனர். குற்றஞ்சாட்டப்பட்டோருள் உயர்ந்த பதவியிலிருந்த அரசு வழக்குரைஞர் கார்ட்டர் லீ விடுதலையானார். மறு ஆண்டில் வேறொரு வழக்கு எழுந்தது: அந்த ஜூரர்களைக் கலைக்க முயன்றவர்கள்மீது.