கால் படாத பிரேக்

காரோட்டி பிரேக்கை மிதிக்கிறார். காரின் நான்கு சக்கரங்களும் பிடிபடுகின்றன. ஆனால் பின்னால் கொக்கியில் மாட்டி வரும் 1,400 கிலோ வீட்டுக்கு அந்த மிதி போய்ச் சேருவதே இல்லை. காரின் பிரேக் எண்ணெய்க் குழாய் கொக்கியைத் தாண்டிப் போவதில்லை. இருந்தும் அந்த வீடு காரோடு சேர்ந்து நிற்கிறது. அதை நிறுத்துவதன் பெயர் ஓவர்ரன் பிரேக்.

படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனை இங்கே நினைக்க வேண்டாம். பிரிட்டனில் குடும்பங்கள் விடுமுறைக்கு இழுத்துப் போகும் கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு சிறு வீடு, காருக்குப் பின்னால் உருண்டு போகும், அவ்வளவுதான். இதன் மூதாதை 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் பிறந்தது. கடற்படையில் மருத்துவராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் சொல்லிச் செய்வித்த அந்த வண்டிக்கு ‘வாண்டரர்’ என்று பெயர். எடை ஏறக்குறைய 2 டன், இழுத்தவை இரண்டு குதிரைகள். இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை அதிலேயே போனார் அவர். முன்னால் அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போனார்.

குதிரைக்குத் தான் இழுக்கும் பாரம் உடம்பில் தெரியும். இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து முட்டினால் அது காலை ஊன்றித் தாங்கும், முடியாவிட்டால் மிரளும். 1919-இல் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் காருக்கென்றே கேரவன் செய்து விற்க ஆரம்பித்தபோது குதிரையின் அந்த உணர்வும் வண்டியை விட்டுப் போயிற்று. மெத்தை இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் வருவது 1,000 கிலோவா 1,500 கிலோவா என்று சமதரையில் தெரியாது. அந்த உணர்வுக்கு ஈடாக இரும்பில் செய்து வைத்ததுதான் ஓவர்ரன் பிரேக் என்று எனக்குப் படுகிறது.

அது வேலை செய்யும் விதத்தை ஒருமுறை புரிந்துகொண்டவர் கேரவனை வேறு மாதிரி ஓட்டுவார். கேரவனின் மூக்கில் இருக்கும் இணைப்புத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டு குழலுக்குள் முன்னும் பின்னும் நகரும்படி அமைந்திருக்கிறது. கார் வேகம் தணிந்ததும் கேரவன் தன் பாரத்தோடு முன்னே முட்டுகிறது. தண்டு உள்ளே போய் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல் வண்டியின் அடியில் ஓடும் நீண்ட கம்பியை இழுக்கிறது. அச்சருகே அந்தக் கம்பியின் இழுவை கேபிள்களுக்குப் பிரிந்து, சக்கரங்களின் டிரம்முக்குள் போய் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு முட்டலோ அவ்வளவு பிடி. நடுவில் ஒரு டாம்பர் இருந்து ஒவ்வொரு சிறு முட்டலுக்கும் பிரேக் வெட்டி வெட்டிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போதும் கார் கேரவனை முட்டத்தானே செய்யும்? அப்போதும் பிரேக் பிடித்துவிடும். முன்பெல்லாம் யாராவது இறங்கிப் போய் இணைப்புத் தலையில் ஒரு தடுப்பைப் போட்டுவிட்டு வர வேண்டும். பிறகு வந்த டிரம்களில், சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் ஒரு ஷூ தானே விலகிக்கொடுக்கும்படி செய்தார்கள். 1989 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான பிரேக் உள்ள இழுவண்டிகளுக்கு இதைப் பிரிட்டன் கட்டாயமாக்கியது. இந்த வசதிக்கும் ஒரு விலை இருக்கிறது. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திய கேரவன், அதன் கைப்பிரேக்கைப் போட்ட பிறகும் சற்றே பின்னால் உருண்டுதான் பிடிபடும். கைப்பிரேக்கைப் பாதியில் விட்டவர் அந்த நொடியில் பதறிப்போவார். அதை எட்டும் மட்டும் மேலே இழுத்துவிட வேண்டும்.

இந்தப் பாகங்களைச் செய்பவர்களில் பேர்பெற்றது ஆல்கோ. 1931-இல் ஜெர்மனியின் பவேரியாவில், கோட்ஸ் என்ற ஊரில் அலோயிஸ் கோபர் தொடங்கிய பட்டறை அது. வாண்டரர் பிறந்த அதே பிரிஸ்டலில் 1948 முதல் கேரவன் கட்டிவரும் பெய்லி நிறுவனத்தின் வீடுகளும் ஆல்கோவின் சட்டகத்தின் மேல்தான் ஏறுகின்றன. இணைப்புத் தலை, கேபிள், டிரம் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி, இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று கணக்கிட்டுச் சேர்க்கப்படுபவை. அந்தக் கணக்கின் மேல்வரம்பை மீறாமல்தான் கதவருகே உள்ள எடைத் தகட்டில் உச்ச எடை பொறிக்கப்படுகிறது.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அந்தக் கணக்கைக் கெடுப்பவர்கள் நாம்தான். உச்ச எடை 1,300 கிலோ, வெறும் வண்டி 1,150 கிலோ என்றால் சாமானுக்கு மிச்சம் 150. பேட்டரி ஒன்று 20 கிலோவைத் தாண்டும். முன்னால் போடும் கூடாரப் பந்தலும் அப்படியே. கேரவனைக் கையால் தள்ளாமல் நகர்த்தும் சிறு மோட்டாரைப் பொருத்தினால் இன்னொரு 30 கிலோ. 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 40 கிலோ. துணியும் பாத்திரமும் நாற்காலியும் இனிமேல்தான் ஏற வேண்டும்!

காருக்கும் தனித் தகடு உண்டு. அதில் காரின் உச்ச எடையும், காரும் இழுவண்டியும் சேர்ந்த உச்ச எடையும் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையோடு இருக்கும் அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். ஆனால் கார் இழுக்கக்கூடியது எல்லாவற்றையும் இழுத்துவிடலாம் என்று அர்த்தமல்ல. புதிதாக ஓட்டுபவர்கள், சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் பிரிட்டனின் கேரவன் சங்கத்தார். 1,600 கிலோ கார் என்றால் 1,360. இது சட்டமல்ல, அறிவுரைதான். பிரேக்கே இல்லாத சிறு இழுவண்டிக்குச் சட்டமே இருக்கிறது: 750 கிலோ, அல்லது காரின் வெறும் எடையில் பாதி, எது குறைவோ அதுவே வரம்பு.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். கேரவனும் அப்படித்தான். ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் நிற்க வேண்டும், அதுவும் காரின் பின்னால் கொக்கியைத் தாங்கும் சட்டமான டோபார் தாங்கும் அளவுக்குள். பின்பாரமான கேரவன் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பதுதான் வழி. இப்போதைய கேரவன்கள் பலவற்றில் அந்த ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக்கை இழுக்கும் மின்னணுக் கருவி வருகிறது. நல்ல கருவிதான். ஆனால் பின்னால் அடுக்கிய சாமானை அது முன்னால் தூக்கி வைக்காது.

இறக்கம்தான் இந்த பிரேக்குக்குப் பெரிய சோதனை. நீண்ட சரிவில் கேரவன் விடாமல் முட்டிக்கொண்டே வரும், ஷூ விடாமல் தேயும், டிரம் சூடேறிப் பிடி குறையும். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துச் சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கேரவனைவிட 96-இல் போவதை நிறுத்த பிரேக் 44 சதவீதம் கூடுதல் ஆற்றலை விழுங்க வேண்டியிருக்கிறது. வடக்கு யார்க்‌ஷரில் சட்டன் பேங்க் என்று ஒரு மேடு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் செங்குத்தாக ஏறுகிறது. 1984 முதல் கேரவன்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் சாதாரணக் கார் உரிமமே 3,500 கிலோ வரை இழுக்கப் போதும். 1997-க்குப் பிறகு உரிமம் வாங்கியவர்கள் பெரிய கேரவனை இழுக்கத் தேற வேண்டியிருந்த தனித் தேர்வு போய்விட்டது. தவறான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தத் தேர்வுக்குத் தயாரான சாக்கிலாவது மூக்கு எடையைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருப்பார்.

கேரவன் ஆண்டில் பெரும்பகுதி நின்றே கழிப்பது, அதனால் அதன் பிரேக் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். குளிர்காலம் முழுக்கக் கைப்பிரேக் போட்டபடி விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுத்துவிட்டுக் கைப்பிரேக்கைத் தளர்த்தி வைப்பதே நல்லது. ஆண்டுக்கொருமுறை டிரம்மைக் கழற்றித் தூசி துடைக்க வேண்டும். ஆல்கோ அச்சில் அப்படிக் கழற்றும்போதெல்லாம் நடு நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட்டு 290 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். அது ஒருமுறைதான் பயன்படும்.

பழைய கேரவனை வாங்குபவர் மெத்தையையும் அடுப்பையும் பார்ப்பதற்கு முன், அந்த நட்டு எப்போது மாறியது என்று கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாச் சாமானையும் ஏற்றி, ஒருமுறை எடை மேடையில் நிறுத்திவிட வேண்டும். கடைசியாகப் பார்க்க வேண்டியது இணைப்புத் தலைக்குக் கீழே தொங்கும் மெல்லிய கம்பி. ஓடும்போது கேரவன் கழன்றுவிட்டால், தான் அறுவதற்கு முன் கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துவிடுவது அதுதான். டோபாரில் அதற்கென்று ஒரு துளை இருந்தால் அங்கேதான் மாட்ட வேண்டும், இணைப்புத் தலை உட்காரும் பந்தின் கழுத்தில் சுற்றிவிட்டுக் கிளம்பக் கூடாது.