ஓசோன் அளவீட்டின் வரலாறு

ஓசோன் அளவீடு என்பது வளிமண்டலத்தில் ஓசோன் வாயு எவ்வளவு இருக்கிறது, எந்த உயரத்தில் செறிந்திருக்கிறது, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதைக் கருவிகளால் கண்டறியும் துறை. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது ஓர் ஓசோன் மூலக்கூறு. வளிமண்டல ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீள் அடுக்கில், தரையிலிருந்து சுமார் 10 முதல் 50 கி.மீ. உயரத்துக்குள் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் உயிர்களுக்கு மிகவும் தீங்கான பகுதியை அது தடுத்துவிடுகிறது. ஆனால் அதன் அளவோ மிகச் சொற்பம். தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கும் கொண்டுவந்தால், அதன் தடிமன் உலகச் சராசரியாக 3 மி.மீ.தான் இருக்கும். இந்த மெல்லிய படலம் குறைந்துவருவதை 1985இல் உலகம் அறிந்துகொண்டது. அதை அறிய முடிந்ததற்கு, உடனடிப் பயன் ஏதும் எதிர்பார்க்காமல் பல தலைமுறை அறிவியலாளர்கள் விடாமல் எடுத்துவந்த அளவீடுகளே காரணம்.

தொடக்ககால ஆய்வுகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் கிறிஸ்டியான் பிரீட்ரிக் ஷோன்பைன், நீரை மின்னாற்பகுக்கும்போது எழுந்த ஒரு தனி மணத்தை 1839இல் கவனித்தார். மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த வாயுவுக்கு ஓசோன் என்று பெயரிட்டார். பொட்டாசியம் அயோடைடும் மாவுச்சத்தும் தோய்த்த காகிதம் ஓசோன் பட்டால் நீலமாகும் என்று கண்டு, முதல் அளவீட்டு முறையையும் அவரே தந்தார். பாரிஸின் மோன்சூரி ஆய்வகத்தில் 1876 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் தரைமட்ட ஓசோன் நாள்தோறும் அளக்கப்பட்டது.

மேல்வானத்து ஓசோனைப் பற்றிய துப்பு சூரிய ஒளியிலிருந்து கிடைத்தது. சூரிய நிறமாலை புற ஊதாப் பகுதியில் திடீரென அறுபடுவதை பிரான்ஸின் அல்பிரெட் கொர்னு 1879இல் சுட்டிக்காட்டினார். அந்தக் கதிர்களை விழுங்குவது ஓசோனே என்று வால்டர் ஹார்ட்லி 1881இல் ஆய்வகச் சோதனைகள் மூலம் விளக்கினார். மார்சேயைச் சேர்ந்த ஷார்ல் ஃபாப்ரியும் ஹென்றி புய்சனும் 1913இல் ஓசோன் படலத்தின் தடிமன் சில மில்லிமீட்டர்கள் என்று கணித்தனர். 1920இல் அவர்கள் எடுத்த துல்லியமான அளவீடுகள் 3 மி.மீ.க்கு அருகில் அமைந்தன.

டாப்ஸனும் கொடைக்கானலும்

ஓசோன் அளவீட்டை உலகளாவிய பணியாக்கியவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜி.எம்.பி. டாப்ஸன். அவர் 1924இல் ஒரு நிறமாலைப் பதிவியை உருவாக்கித் தம் வீட்டை ஒட்டிய ஆய்வகத்திலேயே அளவெடுக்கத் தொடங்கினார். புற ஊதாக் கதிர்களில் சில அலைநீளங்களை ஓசோன் மிகுதியாக விழுங்கும், சிலவற்றை அவ்வளவாக விழுங்காது. இவ்விரு வகைக் கதிர்களும் தரையை வந்தடையும் அளவுகளை ஒப்பிட்டால், இடையில் உள்ள ஓசோனின் மொத்த அளவு தெரிந்துவிடும். எளிமையான இந்தத் தத்துவம் இன்றைய செயற்கைக்கோள் கருவிகளுக்கும் அடிப்படையாக நிற்கிறது.

டாப்ஸன் மேலும் பல கருவிகளைச் செய்து முதலில் ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பினார். பிறகு 1928–29இல் அவற்றை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன், எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் கொடைக்கானல் வான் ஆய்வகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெப்பமண்டலத்தில் ஓசோன் ஆண்டு முழுவதும் குறைவாகவும் பெரிய மாற்றமின்றியும் இருக்கிறது, உயர் அட்சரேகைகளில் வசந்தகாலத்தில் கூடி இலையுதிர்காலத்தில் குறைகிறது என்ற அடிப்படை உண்மை இந்த அளவீடுகளால்தான் நிலைபெற்றது.

இதில் ஒரு புதிர் இருந்தது. சூரிய ஒளி மிகுந்த வெப்பமண்டலத்தின் மேல்தானே ஓசோன் மிகுதியாக உருவாக வேண்டும்? அப்படியிருக்க, அங்கே அது ஏன் குறைவு? 1949இல் ஆலன் புரூவர் மீள் அடுக்கின் ஈரப்பதத்தை ஆராய்ந்து, வெப்பமண்டலத்தில் மேலேறும் காற்று துருவங்களை நோக்கி நகர்ந்து கீழிறங்குகிறது என்று முடிவு கண்டார். அக்காற்று ஓசோனையும் சுமந்துசெல்கிறது என்று டாப்ஸன் விளக்கினார். இதுவே புரூவர்–டாப்ஸன் சுழற்சி எனப்படுகிறது.

டாப்ஸன் பின்னர் ஒளிமின் முறையில் இயங்கும் நிறமாலை ஒளிமானியை உருவாக்கினார். இன்றும் பல நிலையங்களில் அது பயன்படுகிறது. படலத்தின் தடிமனில் 0.01 மி.மீ. ஒரு டாப்ஸன் அலகு எனப்படும். உலகச் சராசரி சுமார் 300 அலகு.

உயரத்தைக் கண்டறிதல்

ஓசோன் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. தொடக்கத்தில் அது 40–50 கி.மீ. உயரத்தில் செறிந்திருப்பதாகக் கருதப்பட்டது. 1929இல் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் ஆய்வு செய்த பால் கோட்ஸ், சூரியன் தொடுவானத்தை நெருங்கும்போது உச்சிவானத்திலிருந்து வரும் இரு அலைநீளங்களின் விகிதம் ஒரு கட்டத்தில் தலைகீழாகத் திரும்புவதைக் கண்டார். அந்தத் திருப்பத்தைக் கணக்கிட்டு ஓசோனின் செங்குத்துப் பரவலை அறியலாம். சுவிட்சர்லாந்தின் அரோசாவில் கோட்ஸ், மீத்தம், டாப்ஸன் மூவரும் எடுத்த அளவீடுகள் ஓசோனின் சராசரி உயரம் 22 கி.மீ. அளவில்தான் என்று 1934இல் காட்டின. அதே ஆண்டு எரிக் ரெகெனரும் அவருடைய மகன் விக்டரும் ஜெர்மனியில் பலூனில் நிறமாலைப் பதிவியை 31 கி.மீ. வரை அனுப்பி இதை நேரடியாக உறுதி செய்தனர்.

ஓசோன் எப்படி உருவாகி அழிகிறது என்ற முதல் கோட்பாட்டை சிட்னி சாப்மன் 1930இல் வகுத்தார். புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்கிறது. பிரிந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. பின்பு அதுவும் சிதைகிறது. இந்த ஆக்கமும் அழிவும் சமநிலையில் நிற்பதால்தான் படலம் நிலைத்திருக்கிறது.

இந்திய அறிவியலாளர்கள்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டின் கல்பாத்தியில் 1893இல் பிறந்தவர் கே.ஆர். ராமநாதன். சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த அவர், இந்திய வானிலை ஆய்வுத் துறையில் பணியாற்றினார். 1948இல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். கோட்ஸின் முறையைப் பயன்படுத்தித் தாழ் அட்சரேகைகளில் ஓசோனின் செங்குத்துப் பரவலை ஆராய்ந்தார். பின்னாளில் பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அன்னா மாணி 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தவர். இலண்டனில் வானிலைக் கருவியியல் கற்றுத் திரும்பி, 1948இல் வானிலை ஆய்வுத் துறையின் பூனா அலுவலகத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கருவிகளை நம்பியிருந்த நாட்டில் வெப்பமானி, அழுத்தமானி முதலிய ஏராளமான கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். 1960களில் அவருடைய தலைமையில் இந்திய ஓசோன்சாண்டு உருவாயிற்று. பலூனில் ஏறும் இக்கருவி வழியில் உள்ள காற்றை அயோடைடு கரைசலினூடே செலுத்தும். ஓசோன் அயோடினை விடுவிக்க, அதனால் எழும் சிறு மின்னோட்டம் ஓசோனின் அளவைச் சொல்லும். ஷோன்பைனின் பழைய வேதிவினைதான் இங்கே மின்கருவியாக மாறி 30 கி.மீ. உயரம் சென்றது. அன்னா மாணி பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அபாயத்தின் முன்னறிவிப்பு

நைட்ரஜன் ஆக்சைடுகள் வினையூக்கியாகச் செயல்பட்டு ஓசோனைச் சிதைக்கும் என்று பால் குருட்சன் 1970இல் காட்டினார். 1974 ஜூனில் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இன்னும் கடுமையான எச்சரிக்கையாக அமைந்தது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் எளிதில் வினைபுரியாதவை. அந்தக் குணமே அவற்றைப் பாதுகாப்பான பொருள்களாகக் காட்டியது. கீழே எதனாலும் சிதையாத அவை மெல்ல மீள் அடுக்கை அடைகின்றன. அங்கே புற ஊதாக் கதிர்களால் உடைந்து குளோரினை வெளியிடுகின்றன. ஒரு குளோரின் அணு பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது.

மறு ஆண்டே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன் சயன்ஸ் இதழில் இதே வாயுக்களின் இன்னொரு கேட்டை வெளிப்படுத்தினார். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அவற்றின் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வலிமை கொண்டது என்று கணக்கிட்டார். பருவநிலை மாற்றத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே காரணமல்ல என்ற தெளிவு இதிலிருந்து வளர்ந்தது.

அண்டார்க்டிக் ஓசோன் ஓட்டை

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்காக, அண்டார்க்டிக்காவின் ஹாலி பே என்ற பிரிட்டிஷ் நிலையத்தில் டாப்ஸன் கருவி நிறுவப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் அளவெடுப்பு தொடர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அக்டோபர் மாத அளவுகள் ஆண்டுக்காண்டு சரிவதைக் கவனித்தனர். கருவி பழுதோ என்று ஐயுற்று வேறொரு கருவியைக் கொண்டு சோதித்தபோதும் அதே முடிவே வந்தது. சுமார் 300 அலகாக இருந்த அக்டோபர் சராசரி 200க்கு அருகில் இறங்கியிருந்தது. 1985 மே 16 நேச்சர் இதழில் அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. ஜப்பானின் ஷோவா நிலையத்தில் 1982இல் மிகக் குறைந்த அளவுகளைப் பதிவுசெய்த ஷிகெரு சுபாச்சி, அவற்றை 1984இல் கிரேக்கத்தில் நடந்த ஓசோன் மாநாட்டில் முன்வைத்திருந்தார்.

1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோன் வரைபடக் கருவி இருந்தது. ஆனால் 180 அலகுக்குக் கீழான அளவுகளை அதன் கணினி நிரல் ஐயத்துக்குரியவை என்று குறியிட்டுவைத்தது. நாசாவின் பவன் பார்ட்டியாவும் உடன் பணியாற்றியோரும் அந்தத் தரவுகளை ஆராய்ந்து, 1985 ஆகஸ்டில் பிராகில் நடந்த கூட்டத்தில் செயற்கைக்கோள் படத்தை வெளியிட்டனர். ஹாலி பேயில் ஒரு புள்ளியில் தெரிந்த சரிவு ஒரு கண்டம் முழுவதையும் மூடியிருந்தது. தரைக் கருவி எழுப்பிய கேள்வியின் முழுப் பரப்பையும் விண்கருவி காட்டியது. ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காரணம் உறுதிப்பட்டது

அண்டார்க்டிக்காவில் மட்டும், அதுவும் வசந்தகாலத்தில் மட்டும் ஏன்? கடுங்குளிரில் உருவாகும் துருவ மீள் அடுக்கு மேகங்களின் பரப்பில் நடக்கும் வினைகள் குளோரினைச் செயல்திறன் மிக்க வடிவுக்கு மாற்றுகின்றன என்று சூசன் சாலமனும் அவருடைய குழுவினரும் 1986இல் விளக்கினர். சூரியன் திரும்பியதும் அழிவு தொடங்குகிறது. அதே ஆண்டு சாலமன் ஒரு குழுவை அண்டார்க்டிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்கு அழைத்துச் சென்று சான்றுகளைத் திரட்டினார். 1987இல் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து நாசாவின் ஈஆர்-2 விமானம் ஓசோன் ஓட்டைக்குள்ளேயே பறந்தது. ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சன் அமைத்த கருவி, குளோரின் மோனாக்சைடு ஏறும் இடத்திலேயே ஓசோன் இறங்குவதைப் பதிவுசெய்தது. இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் புகழ்பெற்ற வரைபடம் 1987 செப்டம்பர் 16 பறப்பில் கிடைத்தது.

ஒப்பந்தமும் கண்காணிப்பும்

அந்தப் பறப்பு நடந்த அதே நாளில்தான், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியால் நெறிமுறையில் நாடுகள் கையெழுத்திட்டன. 1989 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1992இல் இணைந்தது. வளரும் நாடுகள் மாற்றுப் பொருள்களுக்கு மாற உதவும் நிதியம் 1990இல் இலண்டனில் முடிவாயிற்று. எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் ஐ.நா. ஒப்பந்தம் என்ற பெருமையை இந்த நெறிமுறை 2009இல் பெற்றது. குருட்சன், மொலினா, ரோலண்ட் மூவருக்கும் 1995இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் புவியைச் சூடாக்குவதால், அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் திருத்தம் செய்யப்பட்டது.

செயற்கைக்கோள் கண்காணிப்பு 1995இல் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-2, 2004இல் நாசாவின் ஆரா, 2017இல் சென்டினல்-5பி என வளர்ந்தது. இவற்றின் அளவுகள் காலப்போக்கில் விலகாதபடி சரிபார்க்கத் தரைக் கருவிகளும் ஓசோன்சாண்டுகளும் இன்றும் தேவைப்படுகின்றன.

ஒப்பந்தத்தின் காவலாகவும் அளவீடு நிற்கிறது. நெறிமுறை தடைசெய்த குளோரோஃபுளோரோகார்பன்களில் ஒன்றான சிஎஃப்சி-11 வாயுவின் வெளியேற்றம் 2012க்குப் பின் கூடியிருப்பதை ஸ்டீபன் மொன்ட்ஸ்கா குழு 2018இல் வெளிப்படுத்தியது. தென்கொரிய, ஜப்பானிய நிலையங்களின் பதிவுகள் அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருவதை மறு ஆண்டு காட்டின. அதன்பின் வெளியேற்றம் குறைந்தது.

இன்றைய நிலை

அண்டார்க்டிக் ஓசோன் மீளத் தொடங்கியிருப்பதன் அறிகுறிகளை சாலமனின் குழு 2016இல் அறிவித்தது. 2022ஆம் ஆண்டு பன்னாட்டு மதிப்பீட்டின்படி, இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் ஓசோன் அளவு 1980ஆம் ஆண்டு நிலைக்கு உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், ஆர்க்டிக்கில் 2045 அளவிலும், அண்டார்க்டிக்காவில் 2066 அளவிலும் திரும்பும். எனவே அளவெடுக்கும் பணி இன்னும் பல பத்தாண்டுகள் இடையறாமல் தொடர்ந்தாக வேண்டும். விடுபட்ட ஓராண்டின் அளவைப் பின்னர் எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது.