பயிற்சியா, மலிவு வேலையா? கோவில்பட்டி வட்டாரப் பெற்றோர் அறிய வேண்டியவை

மழையை நம்பி பருத்தியும் உளுந்தும் பாசியும் விதைக்கும் கரிசல் பூமி கோவில்பட்டி வட்டாரம். மழை பொய்த்தால் காட்டில் வேலை இருக்காது. தீப்பெட்டி ஆலையும் பஞ்சாலையும் கடலைமிட்டாய்க் கம்பெனியும்தான் பல வீடுகளில் அடுப்பெரியக் காரணம். படிப்பை முடித்த பிள்ளைகளை "முதலில் பயிற்சி, பிறகு வேலை" என்று நிறுவனங்கள் அழைக்கின்றன. அனுப்புவதற்கு முன், அது எத்தகைய பயிற்சி என்று பெற்றோர் அறிந்துகொள்வது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிற்கூடத்தில் வேலை பழகுவோருக்காக 1961-ல் இயற்றப்பட்டது தொழில் பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தம் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவும் செய்ய வேண்டும்.

2019-ல் திருத்தப்பட்ட விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவருக்கு 5,000 ரூபாய் என்பதில் தொடங்கி பட்டதாரிக்கு 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் உயர்வு உண்டு. 2016-ல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறவும் உரிமை உண்டு. தீப்பெட்டி போன்ற அபாயகரமான தொழிலில் 18 வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது.

ஒப்பந்தமும் இல்லை, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, மற்றவர் செய்யும் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்ய வேண்டும் என்றால், அது பயிற்சி அல்ல. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இதற்கு இடமில்லை.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவாகி, பின்னர் ஜப்பானில் வேரூன்றிய ஒரு முறை இன்றும் பயன்படுகிறது. அதில் நான்கு படிகள்: பழகுபவரின் பயத்தைப் போக்கித் தயார்படுத்துவது, காரணத்தோடு செய்து காட்டுவது, அவரையே செய்ய வைப்பது, பிறகும் அவ்வப்போது கவனிப்பது.

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயையே எடுத்துக்கொள்வோம். வெல்லப்பாகின் பதம்தான் அதன் உயிர். தண்ணீரில் விட்ட பாகு கெட்டியாகி, உடைத்தால் சத்தம் வர வேண்டும். "பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், கருகிய பாகுக்குத் திட்டுதான் மிஞ்சும். சிறிய அளவில் காய்ச்ச விட்டு, பதம் தவறினால் ஏன் தவறியது என்று விளக்கினால் கை தானாகப் பழகும்.

கைப்பேசியில் சிறு சிறு பாடங்களாகக் கற்பது இன்றைய போக்கு. மத்திய அரசின் ஸ்வயம் தளம், 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் ஆகியவை வாசலைத் திறந்திருக்கின்றன. பல்லாண்டு அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் அரசுத் திட்டமும் உண்டு. ஆனால் பாகின் பதத்தைக் கைப்பேசி சொல்லித்தராது. பக்கத்தில் நிற்கும் மனிதர்தான் சொல்லித்தர வேண்டும்.

மேற்பார்வையாளருக்கும் பயிற்சி வேண்டும்

நன்றாக வேலை செய்பவரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்கிவிடுவது வழக்கம். அவருக்குத் தொழில் தெரியும். ஆளை நடத்தத் தெரியுமா? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் சலித்துக் கடிந்ததில்லை என்று ஹதீஸ்களில் காண்கிறோம். இளைஞரான உஸாமா (ரலி) அவர்களை மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கே தளபதியாக நியமித்ததும் நபியவர்களே. தவறைத் தனியாக அழைத்துச் சொல்வது, கலந்தாலோசிப்பது, பொறுப்பைச் சிறிது சிறிதாக ஒப்படைப்பது ஆகியவை பழகினால் வரும். தீப்பெட்டி ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே உழைக்கிறார்கள். மேற்பார்வைப் பொறுப்புக்கான பயிற்சி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

• ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா? நகல் கிடைக்குமா?
• பயிற்சி எத்தனை மாதம்? முடிவில் என்ன சான்றிதழ்?
• உதவித்தொகை எவ்வளவு? வங்கிக் கணக்கில் வருமா?
• கற்றுக்கொடுப்பவர் யார்?
• தொழுகைக்கு நேரம், பெண்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து உண்டா?

நம் சமுதாயத்திலும் கடை, பட்டறை நடத்துவோர் இருக்கிறார்கள். இதே கேள்விகளை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார். வேலை பழக வந்த பிள்ளையும் ஓர் அமானிதமே. அந்த அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!