சேலம் சிறைத் துப்பாக்கிச்சூடு (1950)

சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 22 பேர் இறந்தனர். நூறு பேருக்கு மேல் காயமடைந்தனர். இந்தியா குடியரசாகி அன்றைக்கு 16 நாள்தான் ஆகியிருந்தது. சிறை, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் அஸ்தம்பட்டியில் உள்ளது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே காபி பயிரிட்ட கலெக்டர் காக்பர்னை மறப்பதில்லை. மலைக்குக் கீழே இருக்கும் இந்தச் சிறையைப் பற்றி எழுதுவதுதான் அரிது.

இறந்தவர்களில் 19 பேர் மலபாரைச் சேர்ந்தவர்கள். காவேரி முதலியார், ஆறுமுகம் இருவரும் தமிழர்கள். ஷேக் தாவூத் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவர். மலையாள விவசாயிகள் சேலம் சிறைக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு விடை எளிது: 1956 வரை மலபார் சென்னையின் கீழ் இருந்த ஒரு மாவட்டம். கண்ணூர், கோயம்புத்தூர், வேலூர், கடலூர் என்று எந்தச் சிறைக்கும் கைதிகளை மாற்ற முடிந்தது.

மன்னர் போன பிறகு

துப்பாக்கிச்சூட்டின் வேர் சேலத்தில் இல்லை. நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தின் தெலங்கானாப் பகுதியில் 1946 ஜூலையில் கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா என்ற விவசாயத் தொண்டர் ஜமீன் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெட்டி என்ற கூலியில்லாக் கட்டாய வேலைக்கும் தேஷ்முக்குகள் என்ற நிலப்பிரபுக்களின் நிலப் பறிப்புக்கும் எதிரான எழுச்சி அதிலிருந்து ஆயுதப் போராட்டமாக மாறியது. உச்சக் கட்டத்தில் சுமார் 3,000 கிராமங்கள் தங்கள் நிர்வாகத்தில் இருந்ததாகவும், 10 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததாகவும் கம்யூனிஸ்டுகள் கூறினர். அது கட்சியின் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் நிஜாமின் அதிகாரிகளும் நிலப்பிரபுக்களும் ஊரைவிட்டு ஓடியது உண்மை.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் உஸ்மான் அலி கான் பணிந்தார். இங்கேதான் உண்மையான சண்டை தொடங்கியது எனலாம். நிஜாம் விழுந்துவிட்டார், இனி ஆயுதத்தைக் கீழே வைக்கலாம் என்றார் தெலங்கானாக் கம்யூனிஸ்ட் தலைவர் ரவி நாராயண ரெட்டி. பிரித்த நிலத்தைத் தேஷ்முக் ராணுவத்தின் பின்னால் வந்து திரும்பப் பிடுங்குவான், விடக்கூடாது என்றனர் மற்றவர்கள். போராட்டம் தொடர்ந்தது, நிஜாமை ஆதரித்த ரசாக்கர் படைக்குப் பதிலாக எதிரே இப்போது இந்திய ராணுவம். 1949 ஆகஸ்டில் ஜாகிர் முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று, விழுந்த நிஜாமே ஐதராபாத் மாநிலத்தின் ராஜபிரமுகராக (ஆளுநருக்கு இணையான பதவி) ஆனார். மாநிலம் பிரிக்கப்பட்ட 1956 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவரை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் அவர் பதவியேற்றபோது காட்டிலும் சிறையிலும் இருந்தனர்.

கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளும் அதிகாரப் போட்டிக்குக் குறைவில்லை. 1948 பிப்ரவரி இறுதியில் கல்கத்தாவில் தொடங்கிய இரண்டாவது மாநாடு பி. சி. ஜோஷியை இறக்கிவிட்டு பி. டி. ரணதிவேயைப் பொதுச்செயலாளராக்கியது. கிடைத்த சுதந்திரம் போலி, நகரத் தொழிலாளர் எழுச்சியே வழி என்பது ரணதிவேயின் கொள்கை. ஆந்திரத் தலைவர்களோ சீனாவைக் காட்டி, கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். சிறைக்குள்ளும் போராட்டம் நடத்த வேண்டும் என்ற நிலை ரணதிவே காலத்தில்தான் வலுத்தது. 1950 ஜனவரி 27 அன்று ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்பார்மின் பத்திரிகை தன் தலையங்கத்தில் சீன வழியை ஆதரித்தது. ரணதிவேயின் பிடி அத்தோடு தளர்ந்தது. சேலத்தில் சுடப்பட்டவர்கள் அந்தத் தலையங்கத்தைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

காவும்பாயி முதல் சேலம் வரை

மலபார்க் கைதிகளில் பலர் படித்த புரட்சியாளர்கள் அல்ல, நிலத்துக்காக வழக்கில் சிக்கிய விவசாயிகள். போர்க்காலப் பஞ்சத்தில், தரிசாகக் கிடந்த மலை நிலத்தில் புனம் (மாற்றிட) சாகுபடி செய்ய அனுமதி கேட்டுக் காவும்பாயி விவசாயிகள் ஜென்மியான (நிலவுடைமையாளரான) கரக்காட்டிடம் நாயனாரை எதிர்த்தனர். 1946 டிசம்பர் 30 அன்று மலபார் சிறப்புப் போலீஸ் அங்கே சுட்டதில் ஐவர் இறந்தனர். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற தளியன் ராமன் நம்பியாரும் ஓ. பி. அனந்தன் மாஸ்டரும் பின்னர் சேலம் சிறையில் கொல்லப்பட்டனர். ராமன் நம்பியாரின் மகன் ஈ. கே. நாராயணன் நம்பியாரும் அதே சிறையில் இருந்தார். குண்டுக் காயத்தோடு பிழைத்தார்.

சென்னை மாகாணத்தில் கட்சி 1949இல் தடை செய்யப்பட்டது. அப்போது பிரதமர் பி. எஸ். குமாரசாமி ராஜா (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்). சேலத்தில் கைதிகள் தங்களை அரசியல் கைதிகளாக நடத்தக் கோரினர். குற்றவாளிகளுக்கான தொப்பியை அணிய மறுத்தனர். காவலர்களைக் கைதிகள் தாக்கியதால் சுட நேர்ந்தது என்பது அரசுத் தரப்பு. அடைத்துவைத்துச் சுட்டார்கள் என்பது உயிர் பிழைத்தவர்கள் தரப்பு. இருபத்திரண்டு பிணங்களை முதல் வாதத்தால் மட்டும் விளக்குவது கடினம்.

சேலம் மாவட்டத்தில் இந்த மோதல் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் 1947–48இல் மாகாணத்தின் உள்துறை அமைச்சர். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள்.

நீதிமன்றத்தில்

துப்பாக்கிச்சூடு நடந்த 18ஆம் நாள், 1950 மார்ச் 1 தேதியிட்ட இரண்டு ஆணைகள் இந்திய அரசியல் சட்ட வரலாற்றில் இடம்பெற்றன. ஒன்று, 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்த மலபார்க் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனைப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் தொடர்ந்து அடைத்துவைப்பது. மற்றது, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ்ரோட்ஸ்’ இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வருவதைத் தடுப்பது.

கோபாலனுக்காக வழக்கறிஞர் எம். கே. நம்பியார் வாதாடினார். மே 19 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் ரத்துசெய்து காவலை உறுதிப்படுத்தியது. முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க வேண்டியதில்லை என்ற அந்தப் பார்வை 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை நீடித்தது. ஒரு வாரம் கழித்து தாப்பர் வென்றார். பொது ஒழுங்கைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைத் தடுக்க அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் 19(2) பிரிவில் ‘பொது ஒழுங்கு’ என்பதையே சேர்த்துவிட்டது. அது இன்றும் அங்கே இருக்கிறது.

துப்பாக்கியிலிருந்து வாக்குச்சீட்டுக்கு

1951 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் அஜய் கோஷ், டாங்கே, ராஜேஸ்வர ராவ், பசவபுன்னய்யா நால்வரும் மாஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்துத் திரும்பினர். அக்டோபரில் தெலங்கானாப் போராட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் நல்கொண்டாவில் நின்ற ரவி நாராயண ரெட்டி நேருவைவிட அதிக வாக்குகள் பெற்றார். சென்னைச் சட்டமன்றத்தில் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே வென்றது, கம்யூனிஸ்டுகள் 62. பெரும்பான்மை இல்லாத நிலையில், தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை வழியாக முதல்வரானார். கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரிகள் என்று பதவியேற்ற கையோடு அறிவித்தார்.

1956இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அங்கே முதல்வரானார். ஆறு நாளில், குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடை செய்யும் அவசரச் சட்டம் வந்தது. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.