இன்டர்போல் தலைவர் நாற்காலி

முதல் முறை ஆன்சைட் போனப்ப நடந்தது இது. இமிகிரேஷன் கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அப்புறம் மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். நாற்பது நிமிஷம்! இனிஷியலை விரித்து எழுதினதில் வந்த குழப்பமோ, என் பெயரிலேயே வேற யாராவது இருந்தாரோ, கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க.

ஆனா அந்த நாற்பது நிமிஷமும் மண்டைக்குள்ள ஓடினது ஒண்ணுதான். அந்தத் திரையில் என்னைப் பத்தி யாரோ என்னமோ எழுதி வச்சிருக்காங்க. எழுதினது யாரு?

அன்னையிலிருந்து இன்டர்போல் பத்தி எது கண்ணில் பட்டாலும் விடாமல் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. நம்ம சினிமாவில் இன்டர்போல் ஆபீசர்னா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெலிகாப்டரில் இறங்கி வில்லனுக்கு விலங்கு மாட்டுவார். நிஜத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது :-) இன்டர்போலுக்குக் கைது செய்யும் அதிகாரமே இல்லை. 196 நாடுகளின் போலீஸ்களுக்கு நடுவில் தகவல் போய் வர ஒரு பாதை, அவ்வளவுதான். ஒரு நாடு, "இவரைத் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள்" என்று கேட்கும். ரெட் நோட்டீஸ் போகும். பிடிக்கிறதும் விடுறதும் அந்தந்த நாட்டு இஷ்டம்.

அதன் தலைவர் பதவி இன்னும் வேடிக்கை. சம்பளம் கிடையாது. முழுநேர வேலையும் இல்லை. பொதுச்சபைக்கும் 13 பேர் கொண்ட செயற்குழுவுக்கும் தலைமை தாங்க வேண்டும். லியோனில் இருக்கும் தலைமை அலுவலகத்தை தினப்படி நடத்துறது பொதுச்செயலாளர்தான். அப்படியென்றால் இந்த நாற்காலிக்கு எதுக்கு இவ்வளவு அடிதடி?

2018-ல் நடந்ததைப் பாருங்க. அப்போது தலைவராக இருந்தவர் மெங் ஹோங்வெய், சீனாவின் பொதுப் பாதுகாப்புத் துறை துணை அமைச்சர். செப்டம்பர் கடைசியில் சீனாவுக்குப் போனவர் காணாமல் போய்விட்டார். உலக போலீஸ் அமைப்பின் தலைவரையே காணோம் என்று அவர் மனைவி பிரெஞ்சு போலீசில் புகார் கொடுக்க வேண்டிய நிலைமை! கடைசியாக அவரிடமிருந்து வந்தது ஒரு கத்தி படம் என்றார் அந்த அம்மா. அக்டோபர் 7-ம் தேதி இன்டர்போலுக்கு ராஜினாமா வந்து சேர்ந்தது. 2020-ல் லஞ்ச வழக்கில் அவருக்குப் பதிமூன்றரை வருஷம் சிறை.

காலியான இடத்துக்கு 2018 நவம்பரில் துபாயில் தேர்தல். ரஷ்யாவின் அலெக்சாண்டர் ப்ரோகோப்சுக் ஒரு பக்கம், தென்கொரியாவின் கிம் ஜோங் யாங் இன்னொரு பக்கம். ப்ரோகோப்சுக் ரஷ்ய உள்துறை அதிகாரி, அந்நாட்டு இன்டர்போல் பிரிவின் தலைவராக இருந்தவர், அமைப்பின் துணைத்தலைவர் வேறு. அவர்தான் ஜெயிப்பார் என்று பேச்சு அடிபட்டதும் அமெரிக்க செனட்டர்கள் நாலு பேர் எதிர்த்து அறிக்கை விட்டார்கள். அவர் வந்தால் நாங்கள் வெளியேற வேண்டியிருக்கும் என்றன உக்ரைனும் லிதுவேனியாவும். ரஷ்யாவோ, தேர்தலில் வெளியார் தலையீடு என்றது. (யார் சொல்றாங்க பாருங்க!)

பயத்துக்குக் காரணம் இருந்தது. அரசை எதிர்த்தவர்களைத் துரத்த ரஷ்யா இந்தப் பாதையைப் பயன்படுத்துகிறது என்பது பழைய புகார். பில் ப்ரௌடர் என்ற முதலீட்டாளரைப் பிடித்துத் தரச்சொல்லி ரஷ்யா திரும்பத் திரும்பக் கேட்டது, இன்டர்போல் மறுத்துக்கொண்டே வந்தது. அப்படியும் 2018 மே மாதம் மாட்ரிட்டில் ஸ்பெயின் போலீஸ் அவரைப் பிடித்தது. ரஷ்ய வாரண்ட் செல்லாது என்று தெரிந்ததும்தான் விட்டார்கள். அத்தனை செல்வாக்குள்ள ஆளுக்கே இந்தக் கதி என்றால் சாதாரண அகதி என்ன ஆவான்?

கடைசியில் 101-க்கு 61 என்று கிம் ஜெயித்தார். நியாயமாச் சொல்லணும்னா, தலைவர் நினைத்தால் மட்டும் ரெட் நோட்டீஸ் போட்டுவிட முடியாது. ப்ரோகோப்சுக் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனா இந்த பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1923-ல் வியன்னாவில் இந்த அமைப்பை ஆரம்பித்தவர் அந்த ஊர் போலீஸ் தலைவர் யோஹான் ஷோபர். வியன்னா போலீஸ் தலைவர்தான் இதற்கும் தலைவர் என்று 1934-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆபீஸ் அங்கேதானே, சௌகரியம் என்று நினைத்திருப்பார்கள். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். தலைவர் ஸ்குப்லைத் தூக்கிவிட்டு ஸ்டைன்ஹாய்ஸ்ல் என்ற நாஜியை வியன்னா போலீஸுக்குத் தலைவராக்கினார்கள். அவ்வளவுதான், சர்வதேச அமைப்பும் தானாகக் கைக்கு வந்துவிட்டது. ஒரு விதியையும் உடைக்கவில்லை!

1940-ல் அவர் இறந்ததும் அடுத்த தலைவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிச். ஆமாம், யூதர்களை ஒழித்துக்கட்டும் திட்டத்தைப் பேசிய வான்சே கூட்டத்தை 1942 ஜனவரியில் நடத்தின அதே ஹைட்ரிச். அந்தக் கூட்டத்துக்கு முதலில் அனுப்பிய அழைப்பில் இருந்த முகவரி எது தெரியுமா? பெர்லினுக்கு மாற்றப்பட்ட இந்த போலீஸ் அமைப்பின் ஆபீஸ். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரலை. அவருக்கு அப்புறம் வந்த கால்டன்ப்ரூன்னர் 1946-ல் நியூரம்பெர்க்கில் தூக்கில் தொங்கினார்.

போர் முடிந்து, 1946-ல் பிரஸ்ஸல்ஸில் அமைப்பைத் திரும்பக் கட்டினார்கள். 1956-ல் எழுதின சாசனத்தின் 3-வது பிரிவு அரசியல், ராணுவம், மதம், இனம் சம்பந்தமான எதிலும் தலையிடக்கூடாது என்று கறாராகச் சொல்கிறது.

நல்ல பிரிவுதான். ஆனா அதை யார் காவல் காப்பது? 2004-ல் தலைவரான தென்னாப்பிரிக்காவின் ஜாக்கி செலெபி 2010-ல் லஞ்ச வழக்கில் 15 வருஷ தண்டனை வாங்கினார். 2021-ல் இஸ்தான்புல்லில் ஜெயித்தவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ரைசி. அங்கே சிறையில் சித்திரவதைப்பட்டேன் என்று அவர்மேல் புகார் கொடுத்தவர் மேத்யூ ஹெட்ஜஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வு மாணவர். அல் ரைசி அதை மறுத்தார். நாலு வருஷப் பதவியை 2025 நவம்பரில் முழுசா முடித்துவிட்டுத்தான் போனார்.

இந்த அமைப்பிடம் துப்பாக்கி கிடையாது, ஜெயில் கிடையாது. ஒரு நாட்டு போலீஸ் எழுதினதை இன்னொரு நாட்டு போலீஸ் நம்புது பாருங்க, அது ஒண்ணுதான் மூலதனம். நாற்காலிக்கு அதிகாரம் கம்மிதான். ஆனா அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கை கூடும், குறையும்.

அடுத்த தேர்தல் செய்தி நம்ம பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி வரும். தாண்டிப் போயிடாதீங்க. எங்கேயோ ஒரு ஏர்போர்ட் மூலையில், என்ன தப்புன்னே தெரியாமல் ஒருத்தர் உட்கார்ந்துகிட்டு இருப்பார். எனக்கு நாற்பது நிமிஷத்தோட முடிஞ்சது.