மேற்கு இமயமலை ஃபிர்

மேற்கு இமயமலை ஃபிர், பைன் குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா ஊசியிலை மரம். அறிவியல் பெயர் ஏபீஸ் பிண்ட்ரோ. ஆப்கானிஸ்தானின் வடகிழக்குப் பகுதி தொடங்கி பாகிஸ்தான், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் வழியாக நேபாளம் வரை, சுமார் 2,400 முதல் 3,700 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. உத்தராகண்டில் இதை ராகா என்பர். சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், 1830களில் வெளியிட்ட இமயமலைத் தாவர நூலில் இம்மரத்தை இடம்பெறச் செய்தார்.

தோற்றம்

40 முதல் 60 மீட்டர் வரை உயரும். தலைப்பகுதி குறுகிக் கூம்பியிருக்கும். ஊசியிலைகள் தட்டையானவை, 4 முதல் 8.5 செ.மீ. நீளமுள்ளவை, ஃபிர் இனங்களில் இவ்வளவு நீண்ட இலைகள் அரிது. இலையின் அடிப்புறத்தில் இரு வெளிர்கோடுகள் உண்டு. கருஊதா நிறக் கூம்புகள் கிளையில் நிமிர்ந்து நிற்கும். ஸ்புரூஸ் மரத்திலோ அவை தொங்கும். முற்றிய கூம்பு முழுதாக விழாமல் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நடுத்தண்டு மட்டும் கிளையில் எஞ்சும்.

வாழிடமும் மறுவளர்ச்சியும்

ஈரமும் நிழலும் மிகுந்த வடக்குச் சரிவுகளில் ஸ்புரூஸ், தேவதாரு, கர்சு ஓக் ஆகியவற்றுடன் சேர்ந்து காடாகிறது. குளிரில் இலைச்சருகு எளிதில் மட்குவதில்லை. தடித்த சருகு மெத்தையில் முளைக்கும் விதையின் வேர் மண்ணை எட்டுமுன் காய்ந்துவிடுவதுண்டு. களைகளும் கால்நடை மேய்ச்சலும் சேர்ந்துகொள்வதால், முதுமரங்கள் செறிந்த காட்டிலும் இளங்கன்றுகள் குறைவாகவே இருக்கும்.

பயன்

மரம் இலேசானது, வெளிறியது. வெயில் மழையில் நெடுநாள் தாங்காது. பலகை, காகிதக்கூழ், பொதிப்பெட்டி ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இமாச்சலில் ஆப்பிள் விளைச்சல் பெருகியபோது பழப்பெட்டிகளுக்காக ஃபிர், ஸ்புரூஸ் மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. காட்டைக் காக்கும் நோக்கில் அரசு அட்டைப்பெட்டியை ஊக்குவித்தது; மரப்பெட்டி படிப்படியாக வழக்கொழிந்தது.

தமிழ்நாட்டில்

ஃபிர் இனம் எதுவும் தமிழ்நாட்டில் இயற்கையாக வளர்வதில்லை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத்தாவர வகை மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிறம்பாலி. அது வேறு குடும்பம், அகன்ற இலை கொண்டது. சமவெளி ஊர்களில் பயிராகும் சவுக்கு, தோற்றத்தால் ஊசியிலை மரமாகத் தெரிந்தாலும் பூக்கும் தாவரமே. ஊசிபோல் தெரிபவை அதன் கணுவுள்ள பசுங்கிளைகள். கணுக்களில் ஒட்டியுள்ள நுண்செதில்களே இலைகள்.