கவலை ஓட்டிய பிள்ளைகளும் ஆதாரக் கல்வியும்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மின்சார மோட்டார் வருமுன் கிணற்று நீரை இறைத்தவை எருதுகள். இதற்குக் கவலை இறைத்தல் என்று பெயர். சரிவான பாதையில் எருதுகள் கீழே இறங்கும். வடத்தில் கட்டிய சால் மேலே வரும். ஓட்டுபவர் வடத்தின் மேல் அமர்ந்து தம் எடையையும் சேர்ப்பார். சாலின் அடியில் தோலாலான தும்பி ஒன்று உண்டு. அதன் வாயில் தனிக் கயிறு கட்டப்பட்டிருக்கும். இந்தக் கயிறு தாழ்ந்த உருளையின் மேல் ஓடுவதால், ஏறும்போது தும்பி மடிந்து நீரைக் காக்கும். கிணற்று விளிம்பில் நீண்டு தானே நீரைக் கொட்டும். இதைப் புத்தகத்தில் படிக்காமலேயே பத்து வயதுப் பையன் அறிந்திருந்தான். எருதைப் பின்னோக்கி நடத்தி மேட்டில் ஏற்றும் பக்குவமும் அவனுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பையன் பல இடங்களில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அவனுக்குப் பள்ளி இல்லை. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்சாரம் கவலையைப் படிப்படியாக ஓய்வு பெறச் செய்தது. அவன் பள்ளிக்குப் போனதற்கு மின்சாரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

உழைப்பையும் எழுத்தையும் ஒன்றாக இணைக்க முடியுமா? 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு முடியும் என்றது. டாக்டர் ஜாகிர் உசேன் குழு 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வழியே பாடம் வகுத்தது. நூற்பு, தச்சு ஆகியவற்றோடு வேளாண்மையும் அதில் இடம் பெற்றது. பாத்தியை அளக்கும்போதே பரப்பளவுக் கணக்கு வந்துவிடும் என்பது எண்ணம். நம் பகுதியில் இதற்கு ஏற்கெனவே ஒரு களம் இருந்தது. தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்திற்கு, பெரியநாயக்கன்பாளையத்தில் 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். 1956-இல் இங்கே ஊரக உயர்கல்வி நிலையமும் அமைந்தது.

இந்த எண்ணத்திற்குப் பெரும் சோதனை 1953-இல் வந்தது. ராஜாஜி அரசின் திட்டப்படி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரம் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். "குலக் கல்வி" என்று எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி விலகினார். முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் உழவை இகழ்ந்தார்கள் என்று சிலர் எழுதுவது சரியன்று. தலைமுறையாகக் கவலை ஓட்டியவன் மகனையும் அங்கேயே நிறுத்திவிடும் ஏற்பாடு என்பதே அவர்களின் அச்சம். அதற்கு நியாயம் இருந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. 1902-இல் ஓகியோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி அலுவலர் சிறுவர் சிறுமியரைச் சங்கமாகச் சேர்த்தார். மண்ணைச் சோதிப்பதும் சோளம் பயிரிடுவதும் அவர்கள் வேலை. பிறகு "நான்கு எச்" என்று பெயர் பெற்ற இயக்கம் இவ்வகைச் சங்கங்களிலிருந்தே வளர்ந்தது. அங்கே ஒரு பிள்ளை கன்றையோ குதிரையையோ பொறுப்பேற்று வளர்க்கும். தீவனக் கணக்கும் எழுதும். கவனியுங்கள்: அது பள்ளிக்கு மேலானது, பள்ளிக்குப் பதிலானதன்று. விரும்பினால் விட்டுவிடவும் செய்யலாம்.

நம் பக்கத்தில் குதிரையைக் காண அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போக வேண்டும். மாடும் குதிரையும் அங்கே சேர்ந்தே விலைக்கு வரும். வாங்குபவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மாட்டுக்குப் பால்பல் விழுந்து இரண்டிரண்டாக நிலைப்பற்கள் முளைக்கும். எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. குதிரைக்கோ, முன்பற்களின் மேலுள்ள குழி தேய்ந்து மறைவதைக் கொண்டும் வயதைக் கணிப்பர். உடன் வந்த பையனும் எட்டிப் பார்க்கிறான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லை, குதிரைக்கு உண்டு என்பதை அன்றே தெரிந்துகொள்கிறான்.